பாய்ச்சலுக்கு முன்: தீவிர ஆயத்தப் பயிற்சியும் உடலாற்றலின் இயங்கியலும்

1

சில ஆண்டுகளுக்கு முன்னர் வடபகுதிப் பாடசாலையொன்றின் இல்ல மெய்வல்லுநர் போட்டியைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. நீளம் பாய்தல் தொடங்குவதற்குச் சற்று முன்னர், மைதானத்தின் ஓரத்தே மாணவனொருவன் தன் நிறையை ஒத்த இன்னொரு மாணவனைத் தோளிற் சுமந்தவாறு இருபது தடவைக்கு மேல் இருந்தெழும்பினான். சுமையோடு பழகிய கால் சுமை நீங்கியதும் மேலும் விசையோடு பாயும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தனர். தோழனை இறக்கிவிட்ட மறுகணமே அவனது பெயர் அழைக்கப்பட்டது. ஓடினான், பாய்ந்தான், பயிற்சியின்போது வழமையாக எட்டும் தூரத்தைக்கூட அவன் எட்டவில்லை. அருகில் நின்ற பெரியவரொருவர், "பாய்ச்சல் எண்டது பிறவியில வரவேணும், தம்பி" என்று சொல்லி அந்த விடயத்தை முடித்துவைத்தார்.

அந்த மாணவன் நம்பிய கூற்று ஒன்று. பெரியவர் மொழிந்த கூற்று மற்றொன்று. பாய்வதற்கு முன் கடுமையாக இயங்கினால் பாய்ச்சல் மேம்படும் என்பது முதலாவது. பாய்ச்சல் பிறவிக்கொடை என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் இன்றைய உடற்றொழிலியல் அறிவின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலாவது கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது நிபந்தனைகளுக்கு உட்பட்ட உண்மை. அந்நிபந்தனைகள் எவையென விளங்கிக்கொள்ளும்போது இரண்டாவது கூற்றின் வெறுமையும் தானாகவே புலப்படும் என்பது எமது கருத்தாகும்.

இலக்கிய ஆய்வாளர் உடற்பயிற்சி பற்றி எழுதுவது ஏன் என்ற வினா எழலாம். மனிதனின் கை உழைப்புக்கான உறுப்பாக இருப்பதோடு உழைப்பின் விளைபொருளாகவும் உள்ளது என்பதனை ஏங்கெல்ஸ் 1876 இல் எழுதிய கட்டுரையொன்றிலே விளக்கினார். நடத்தல், ஓடுதல், நீந்துதல் ஆகியனவும் ஒவ்வொரு சமுதாயமும் தன் உறுப்பினர்க்குக் கற்பிக்கும் நுட்பங்களே என்பதனைப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1934 இல் ஆற்றிய உரையொன்றில் எடுத்துக்காட்டினார். உடலும் வரலாற்றுக்கு உட்பட்டதே எனில், அதனை ஆராய்தல் மானிடவியற் கல்வியின் எல்லைக்குப் புறம்பானதாகாது. மேலும், பாடசாலை மைதானங்களிற் பயிலுவோருக்கு அவர்தம் மொழியிலே இவ்வறிவு கிடைத்தல் வேண்டும். தமிழகத்தார் 'தாண்டுதல்' என வழங்கும் விளையாட்டை ஈழத்தவராகிய நாம் 'பாய்தல்' என்கிறோம். அவ்வழக்கையே இங்கும் கைக்கொள்வோம்.

2

போட்டிக்கு முன் உடலைச் சூடாக்கிக்கொள்ளும் வழக்கம் பழையது. அதன் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. தசையின் வெப்பநிலை உயரும்போது அதன் இரசாயனத் தாக்கங்கள் விரைவடைகின்றன. நரம்புச் செய்தி வேகமாகச் செல்கின்றது. தசை விரைவாகச் சுருங்குகின்றது. 1987 இல் வெளிவந்த சார்ஜன்ற் என்பவரின் ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. 44 பாகை செல்சியஸ் நீரிற் கால்களை அமிழ்த்திச் சூடாக்கிய பின் மிதியுருளியை மிதிப்போரின் உச்ச வலு ஏறத்தாழ 11 சதவீதம் உயர்ந்தது. 18 பாகை நீரிற் குளிரவைத்தபோது ஏறத்தாழ 12 சதவீதமும், 12 பாகை நீரிற் குளிரவைத்தபோது ஏறத்தாழ 21 சதவீதமும் குறைந்தது. ஒரே மனிதர், ஒரே கால்கள். வெப்பநிலை மாத்திரமே வேறு.

எனினும் நாம் இங்கு ஆராயவிருப்பது மெதுவான ஓட்டத்தால் உடலைச் சூடாக்குதல் பற்றி அன்று. அதற்கு அப்பால் ஒரு படி சென்று, மிகப் பாரமான கோலைத் தோளிலேற்றிச் சில தடவைகள் இருந்தெழும்புதல், உச்ச முயற்சியோடு சில தடவைகள் எம்பிப் பாய்தல் போன்ற குறுகிய, கடுமையான வேலையைச் செய்தபின் பாயும் முறையினையே தீவிர ஆயத்தப் பயிற்சி என்று குறிப்பிடுகின்றோம்.

இம்முறையின் வளர்ச்சியிற் சோவியத் ஒன்றியத்தின் பங்கு பெரியது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் அங்கு பாய்தற் பயிற்சியிற் பாரந்தூக்கல் முக்கிய இடம் பெற்றது. வலேரி ப்ரூமெல் 1961 இல் 2.23 மீற்றராக நிலைநாட்டிய உயரம் பாய்தல் உலக சாதனையை 1963 இல் 2.28 மீற்றருக்கு உயர்த்தினார். 1964 ரோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றார். அவரது பயிற்றுநர் தியாச்கோவ் வகுத்த பயிற்சியில் பாரந்தூக்கல் ஓர் இன்றியமையாத கூறாக இருந்தது. இதே காலப்பகுதியில் முப்பாய்ச்சல் வீரரைப் பயிற்றுவித்துவந்தவர் யூரி வேர்கொஷான்ஸ்கி (1928–2010). திறந்த வெளியிற் பயிற்சி செய்யவொண்ணாத மொஸ்கோவின் குளிர்காலம், அவரது மாணவ வீரரைப் பாரந்தூக்கும் கோலின் பக்கம் திருப்பியது. வசதியின்மை புதிய வழியொன்றைத் தேடவைத்த வரலாறு இது.

முப்பாய்ச்சலின்போது காலொன்று நிலத்திற் படும் கணத்தில் உடல் நிறையைப் பன்மடங்கு விஞ்சிய விசையை அது தாங்கவேண்டியுள்ளது. அத்தகைய விசையைப் பயிற்சியிலே உண்டாக்குதல் எவ்வாறு என்ற வினாவிலிருந்தே வேர்கொஷான்ஸ்கியின் 'அதிர்ச்சி முறை' பிறந்தது. 0.75 மீற்றர், 1.10 மீற்றர் உயரமான மேடைகளிலிருந்து கீழே இறங்கி, நிலத்தைத் தொட்ட மறுகணமே மேலே எம்புதல் அதன் சாரம். 1975 இல் அமெரிக்கரான பிரெட் வில்ற் இவ்வகைப் பயிற்சிகளுக்கு 'பிளையோமெட்ரிக்ஸ்' எனப் பெயர் சூட்டினார். அப்பெயரே உலகெங்கும் பரவிற்று. நீண்டகாலப் பயிற்சிக்கென அமைந்த இவ்வேலைகள் உடனடி விளைவொன்றையும் தருவதைச் சோவியத் பயிற்றுநர் அவதானித்தனர். கடும் வேலையொன்றைச் செய்து, போதிய இடைவெளி விட்டுப் பாய்ந்தால் அந்தப் பாய்ச்சல் முன்னையதிலும் உயர்ந்திருந்தது.

1996 இல் ஜேர்மனிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வில், கால்களை உச்ச வலிமையோடு சில விநாடிகள் அழுத்திய பயிற்சிபெற்ற வீரரது நிலைக்குத்துப் பாய்ச்சல் ஏறத்தாழ 3 சதவீதம் உயர்ந்தது. 50 சென்ரிமீற்றர் எம்பும் ஒருவருக்கு இது ஒன்றரைச் சென்ரிமீற்றர். அற்பமெனத் தோன்றலாம். ஆயின் உயரம் பாய்தற் போட்டியிற் குறுக்குக் கோல் 2 அல்லது 3 சென்ரிமீற்றராகவே உயர்த்தப்படுவது வழக்கம் என்பதும், கோல் அசைந்து வீழ்வதற்கும் வீழாதிருப்பதற்கும் இடைப்பட்ட தூரம் அதனிலும் சிறிது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

3

அவ்வாறாயின் அந்த மாணவன் ஏன் தோற்றான்? இவ்வினாவே எம்மைப் பிரச்சினையின் மையத்துக்கு இட்டுச்செல்கின்றது.

கடுமையான வேலையொன்று தசையில் ஒரு விளைவை மாத்திரம் உண்டாக்குவதில்லை. அது ஏககாலத்தில் இரு விளைவுகளை உண்டாக்குகின்றது. ஒன்று சோர்வு, மற்றொன்று ஊக்கம். இரண்டும் ஒரே வேலையின் பிள்ளைகள்; ஒரே தசையிலே குடியிருப்பன; ஒன்றையொன்று எதிர்ப்பன. வெளியே காணப்படும் பாய்ச்சல் இவ்விரண்டினதும் விளைவாகவே அமைகின்றது. சோர்வு மேலோங்கும்போது பாய்ச்சல் தாழ்கின்றது. ஊக்கம் மேலோங்கும்போது உயர்கின்றது. இரண்டும் சமனாயிருப்பின், உள்ளே பெரும் மாற்றங்கள் நிகழ்ந்திருந்தும், வெளியே எதுவும் நிகழாதது போலத் தோன்றும்.

இவ்விரு விளைவுகளும் ஒரே வேகத்தில் மறைவதில்லை என்பதே முக்கியமானது. சோர்வு தொடக்கத்தில் மிகுந்து விரைவாகத் தணிகின்றது. ஊக்கம் அதனிலும் ஆறுதலாகக் குன்றுகின்றது. எனவே சோர்வு தணிந்தும் ஊக்கம் எஞ்சியும் உள்ள ஓர் இடைவேளை தோன்றுகின்றது. அவ்விடைவேளையிற் பாய்பவரே பயன்பெறுகின்றார்.

கில்டஃப் என்பவரும் பிறரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்றாகும். தொழின்முறை றக்பி வீரர் 20 பேர், தாம் ஒரு தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 87 சதவீதத்தைத் தோளிலேற்றி, மும்மூன்று தடவையாக மூன்று முறை இருந்தெழும்பினர். அதன்பின் குறித்த இடைவெளிகளில் அவர்களது பாய்ச்சல் அளக்கப்பட்டது. ஏறத்தாழ 15 விநாடிக்குப் பின் அளந்தபோது பாய்ச்சல் முன்னையதிலும் தாழ்ந்திருந்தது. 8 நிமிடத்துக்குப் பின் அளந்தபோது ஏறத்தாழ 5 சதவீதம் உயர்ந்திருந்தது. மனிதரும் மாறவில்லை, பாரமும் மாறவில்லை, காத்திருந்த நேரமே மாறிற்று. 15 விநாடியில் மட்டும் அளந்திருப்பின் இம்முறை தீங்கானதென்றும், 8 நிமிடத்தில் மட்டும் அளந்திருப்பின் அது சாலச் சிறந்ததென்றும் நாம் முடிவு செய்திருப்போம். இயக்கத்தில் உள்ள ஒன்றை ஒரு கணத்தில் நிறுத்திப் பார்த்து அதன் இயல்பு இதுவெனக் கூறுதல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எமது மாணவன் தோழனை இறக்கிய மறுகணமே ஓடினான். சோர்வின் உச்சத்திலேயே அவன் பாய்ந்தான். அத்துடன், இருபது தடவைக்கு மேல் இருந்தெழும்புதல் ஊக்கத்திலும் சோர்வையே மிகுதியாக வளர்க்கும். வேலையின் கடுமையே ஊக்கத்தைத் தூண்டுகின்றது. எண்ணிக்கையின் மிகுதி சோர்வைப் பெருக்குகின்றது. ஒரு குறித்த எல்லைவரை கூடக்கூட நன்மை தருவது, அவ்வெல்லையைக் கடந்ததும் தன் எதிர்மறையாக மாறிவிடுகின்றது.

4

ஊக்கம் எனக் கூறினோம், அது யாது? இவ்விடத்தே ஆய்வுலகமே நெடுங்காலம் வழிதவறிய வரலாறொன்று உண்டு. அதனை அறிதல் விளையாட்டில் ஆர்வமற்றோருக்கும் பயனுடைத்து.

1871 இல் ஹென்றி பௌடிச் என்ற அமெரிக்கர், ஜேர்மனியின் லைப்சிக் நகர ஆய்வுகூடமொன்றில் தவளையின் இதயத்தசையை ஒரேயளவான தூண்டல்களால் மீண்டும் மீண்டும் தூண்டினார். தூண்டல் மாறாதிருந்தும், ஒவ்வொரு சுருக்கமும் முன்னையதிலும் பெரிதாகப் படிப்படியாக உயர்ந்தது. பதிவேடு படிக்கட்டுப்போற் காட்சியளித்தமையால் அது 'படிக்கட்டுத் தோற்றப்பாடு' எனப் பெயர்பெற்றது. தசை தனது சற்றுமுந்திய வரலாற்றைத் தன்னுள் கொண்டிருக்கின்றது என்பதனை இது காட்டிற்று. எலும்புத்தசையிலும் இதனையொத்த நிகழ்வு பின்னர் காணப்பட்டது.

அதன் மூலக்கூற்று விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தெளிவாயிற்று. தசையிழையில் மயோசின், அக்ரின் என இருவகைப் புரத இழைகள் உள்ளன. மயோசினின் தலைகள் அக்ரினைப் பற்றி இழுப்பதே சுருக்கமாகும். கடும் சுருக்கத்தின்போது வெளிப்படும் கல்சியம் நொதியமொன்றை ஏவிவிட, அந்நொதியம் மயோசின் தலையின் அடியிலுள்ள சிறு புரதச் சங்கிலியிற் பொசுபேற்றுக் கூறொன்றைச் சேர்க்கின்றது. அதனால் தலை அக்ரினை நோக்கிச் சற்று அண்மிக்கின்றது. அடுத்த தூண்டலில் அதேயளவு கல்சியம் கூடுதலான விசையைத் தருகின்றது. விரைவாகச் சுருங்கும் இழைகளில் இது மிகுதி. பாய்ச்சலுக்கு உதவுவனவும் அவ்விழைகளே. நீளம் பாய்தலில் உந்துகால் நிலத்தில் நிற்பது ஏறத்தாழ 0.12 விநாடி, உயரம் பாய்தலில் ஏறத்தாழ 0.15 முதல் 0.2 விநாடி. தசை தன் உச்ச விசையை அடைவதற்கோ 0.3 விநாடிக்கு மேல் வேண்டும். ஆகவே பாய்பவருக்குத் தேவையானது எவ்வளவு விசை என்பதோடு எவ்வளவு விரைவாக விசை என்பதுமாகும்.

விளக்கம் கச்சிதமாக அமைந்தது. ஆய்வுகூடத்திற் கண்ட ஊக்கமும் மைதானத்திற் கண்ட மேம்பாடும் ஒன்றே எனப் பலரும் கொண்டனர். இரண்டுக்கும் 'செயற்பின் ஊக்கம்' என்ற ஒரே பெயர் வழங்கிற்று. ஆயின் காலக்கணக்கு இடித்தது. ஆய்வுகூடத்தில் அளக்கப்படும் ஊக்கம் ஏறத்தாழ அரை நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுகின்றது. ஐந்து நிமிடத்தில் அதன் பெரும்பகுதி மறைந்துவிடும். பாய்ச்சலின் மேம்பாடோ ஏழெட்டு நிமிடங்களின் பின்னரே தலைகாட்டுகின்றது. காரணம் மறைந்த பின்னர் காரியம் உச்சமடைவது எங்ஙனம்?

2017 இல் ஆய்வாளர் சிலர் மைதானத்து நிகழ்வைப் பிரித்தறிந்து, 'செயற்பின் திறன்மேம்பாடு' என்ற பொருளில் வேறு பெயரிட்டனர். 2019 இல் பிளாசெவிச், பாபோ ஆகிய இருவரும் இப்பிரச்சினையின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தனர். தசையின் வெப்பநிலை உயர்தல், தசையிழையினுள் நீர் மிகுதல், தசையை ஏவும் நரம்புமண்டலம் முழுமையாக விழிப்படைதல் ஆகியனவே மைதானத்து மேம்பாட்டின் ஏற்புடைய காரணங்கள் என்பது அவர்களது ஆய்வினாற் பெறப்பட்டது. மூலக்கூற்று நிகழ்வு பொய்யாகிவிடவில்லை. அதன் இடம் வேறு, காலம் வேறு என்பது தெளிவாயிற்று.

இதிலிருந்து நடைமுறைக்குரிய உண்மையொன்றும் பெறப்படுகின்றது. ஆய்வுகள் பலவற்றில், வீரர் ஏற்கெனவே நன்கு சூடாகாத நிலையிலேயே பாரந்தூக்கினர். அவ்வாறாயின் அவர்களிடம் காணப்பட்ட மேம்பாட்டின் ஒரு பகுதி, நல்ல ஓட்டத்தாலும் படிப்படியான பாய்ச்சல்களாலும் கிடைத்திருக்கக்கூடியதே. பாரந்தூக்கும் கோல் இல்லாத மைதானத்தில் நிற்கும் பயிற்றுநருக்கு இது ஆறுதலளிக்கும் செய்தியாகும்.

பெயர் ஒன்றாயிருப்பதனாற் பொருளும் ஒன்றே எனக் கொள்ளும் மயக்கம் விஞ்ஞானத்துக்கு மாத்திரம் உரியதன்று. இலக்கிய ஆய்விலும் ஒரே கலைச்சொல்லைக் கொண்டு வெவ்வேறு காலத்து வெவ்வேறு தோற்றப்பாடுகளை ஒன்றாகக் கண்டு இடர்ப்பட்டோர் பலர். தோற்றத்துக்குப் பின்னாலுள்ள இயக்கத்தை அதற்குரிய கால அளவோடு வைத்து நோக்குதலே இருதுறையினருக்கும் பொதுவான கடமையாகும்.

5

இனி, யாருக்கு இது பயன்தரும் என்ற வினாவை நோக்குவோம். பெரியவரின் கூற்றைப் பரிசீலிக்கவேண்டிய இடமும் இதுவே.

2003 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், உச்சப் பாரத்தின் 90 சதவீதத்தைச் சுமந்து ஐந்து தடவை தனித்தனியே இருந்தெழும்புமாறு இரு சாராரிடம் கூறப்பட்டது. ஒரு சாரார் முறையான பயிற்சியுடைய வீரர். மற்றையோர் பொழுதுபோக்காகப் பயிற்சி செய்வோர். முதற் சாராரிடம் மேம்பாடு காணப்பட்டது. மற்றையோரிடம் சோர்வே மேலோங்கியது. பல ஆய்வுகளைத் திரட்டி 2016 இல் வெளியிடப்பட்ட மதிப்பீடொன்று, தமது உடல் நிறையின் 1.75 மடங்கைச் சுமந்து இருந்தெழும்பக்கூடியவர் ஏறத்தாழ 5 முதல் 7 நிமிடத்திலேயே பயன்பெறுகின்றனர் என்றும், வலிமை குறைந்தோருக்கு 8 நிமிடத்துக்கு மேல் வேண்டும் என்றும், அவர் பெறும் பயனும் குறைவு என்றும் காட்டுகின்றது. 60 கிலோகிராம் நிறையுடைய மாணவனுக்கு அந்த எல்லை 105 கிலோகிராம். இது பல ஆண்டுப் பயிற்சியின் பேறு. ஓரிரு மாதங்களில் எய்தக்கூடியதன்று.

ஆகவே தீவிர ஆயத்தப் பயிற்சி உடலுக்குப் புதிய வலிமையைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே திரட்டப்பட்ட வலிமை, சில நிமிடங்களுக்குத் தடையின்றி வெளிப்பட வழிசெய்கின்றது. திரட்டப்படாத ஒன்றை அது வெளிப்படுத்த மாட்டாது. போட்டிக்கு முந்திய பத்து நிமிடத்தின் பயனைப் போட்டிக்கு முந்திய ஐந்து ஆண்டுகளே நிர்ணயிக்கின்றன.

அந்த ஐந்து ஆண்டுகளில் அடங்குவன யாவை? போதிய புரத உணவு, ஒழுங்கான உறக்கம், காயம் ஆறுவதற்கான ஓய்வு, மணல் நிரப்பிய பாய்குழி, விபரமறிந்த பயிற்றுநர், பாடசாலை முடிந்தபின் தோட்டத்துக்கோ கடைக்கோ வேலைக்குச் செல்லவேண்டாத மாலைப்பொழுது. இவை யாவும் சமுதாயத்திலே சமனின்றிப் பங்கிடப்பட்டுள்ளவை. பிறப்பினால் அமையும் வேறுபாடுகளை நாம் மறுக்கவில்லை. உடலின் உயரம், தசைநாணின் நீளம், விரைவிழைகளின் விகிதம் ஆகியன ஆளுக்காள் வேறுபடுவது உண்மை. ஆனால் வளர்ப்புக்கான நிபந்தனைகள் ஒருபோதும் கிட்டாத ஒருவனைப் பார்த்து அவனிடம் கொடை இல்லையென்று கூறுதல், விதைக்காத வயலைப் பார்த்து மண் மலடு என்று கூறுவதை ஒக்கும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இந்நாடு பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவாகும். அப்பாய்ச்சலைப் 'பிறவி' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முற்படுவோர், அவர் அதற்கு முன்னரே 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் களத்தில் நின்றவர் என்பதனை மறந்துவிடுகின்றனர். ஹெல்சிங்கிக்கும் ரோக்கியோவுக்கும் இடையில் ஆறு ஆண்டுகள் உள்ளன. பிறவியென்று புகழ்வது வீரரை உயர்த்துவது போலத் தோன்றினும், அவர் செலவிட்ட உழைப்பை மறைப்பதேயாகும். தோற்ற மாணவனுக்கு அச்சொல் இழைப்பது மேலும் பெரிய தீங்கு. திருத்தத்தக்க பிழையை அது திருத்தவொண்ணாத விதியாக்கிவிடுகின்றது.

6

இதுகாறும் கூறியவற்றை மைதானத்துக்கு எவ்வாறு கொண்டுசெல்வது?

முதலாவதாக, பொதுவான சூடாக்கல் எவருக்கும் அவசியம். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் இலகுவான ஓட்டம். அதன்பின் கால்களை வீசுதல், முழங்கால் உயர்த்தி ஓடுதல் போன்ற அசைவுகள். தசையை நீட்டி ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருத்தல் பாய்ச்சலுக்குச் சற்றுமுன் தகாது. அது விசையைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கு நமது காலநிலையையும் கருத்திற் கொள்ளவேண்டும். மொஸ்கோவின் பனிக்காலத்துக்கு வகுத்த நேர அளவை யாழ்ப்பாணத்து நண்பகலுக்கு அப்படியே பெயர்த்துவைத்தல் பொருந்தாது. வெயிலில் நின்ற உடல் விரைவிற் சூடாகும்; நீண்ட ஆயத்தம் அதனை வாடவைக்கும். நிழலும் நீரும் ஆயத்தத்தின் பகுதிகளே.

இரண்டாவதாக, படிப்படியாக வேகமும் உயரமும் கூட்டிச் சில பாய்ச்சல்கள். இறுதியில் மூன்று முதல் ஐந்து வரை உச்ச முயற்சியுடனான எம்பல்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பாரத்தை நாடுவோர் சிறிய பாரத்தோடு தொடங்கலாம். 2005 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவ வீரரிடையே நடத்தப்பட்ட ஆய்வில், உடல் நிறையின் 10 சதவீதமான பாரத்தைக் கையிலேந்திப் பெட்டியொன்றின்மீது பாய்தலே, பாரமற்ற மிதமான பாய்ச்சலிலும் தசை நீட்டலிலும் சிறந்த ஆயத்தமாக அமைந்தது. 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு அது 6 கிலோகிராம். ஒவ்வொரு கையிலும் 3 கிலோகிராம். தோளில் ஏற்றிய தோழனின் நிறையோடு இதனை ஒப்பிடுக.

மூன்றாவதாக, உச்சப் பாரத்தை அண்மித்த சுமையோடு இருந்தெழும்புதல், சில ஆண்டுகள் முறையாகப் பாரந்தூக்கிப் பழகியோர்க்கே உரியது. வேர்கொஷான்ஸ்கியின் மேடைப் பாய்ச்சலும் அத்தகையதே. போதிய வலிமை திரட்டாதோர் அதனைக் கைக்கொள்வதை அவரே ஏற்கவில்லை. வளரும் பருவத்து மாணவரின் முழங்காலையும் முதுகெலும்பையும் பணயம்வைத்து ஒன்றரைச் சென்ரிமீற்றரைத் தேடுதல் நியாயமாகாது.

நான்காவதாக, காத்திருத்தல். கடைசிக் கடும் முயற்சிக்கும் போட்டிப் பாய்ச்சலுக்கும் இடையே சில நிமிடங்கள் வேண்டும். எத்தனை நிமிடங்கள் என்பது ஆளுக்காள் வேறுபடும். அதனைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுவரும், விரல் நுனியிற் பூசிய சுண்ணக்கட்டித் தூளும், கடிகாரமும் போதும். கடும் முயற்சிக்குமுன் ஒருமுறை எம்பிச் சுவரிற் குறியிட்டு, பின்னர் இரண்டு, நான்கு, எட்டு, பன்னிரண்டு நிமிடங்களில் மீண்டும் குறியிட்டு, இதனை வெவ்வேறு நாட்களிற் பலமுறை செய்து குறிப்பேட்டிற் பதிந்தால், மாணவன் தனது உடலின் கால அளவைத் தானே அறிவான். போட்டியில் அழைப்புக்கும் பாய்ச்சலுக்கும் இடையில் நேரும் தாமதத்தையும், ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நீண்ட இடைவேளையையும் கருதி, சூடு ஆறாதவாறு இடையிடையே இரண்டொரு எம்பல்களைச் செய்துகொள்ளுதலும் நன்று.

இவ்வாறு குறிப்பெழுதும் மாணவன், தன் உடலைப் பற்றிப் பிறர் கூறும் தீர்ப்பைக் கேட்டு நிற்கும் நிலையிலிருந்து, அதனை ஆராயும் நிலைக்கு உயர்கின்றான். விஞ்ஞான நோக்கு என நாம் மேடைகளிற் பேசுவது பாடசாலை மைதானத்தில் எடுக்கக்கூடிய வடிவம் இதுவே எனலாம்.

நாம் கண்ட மாணவனிடம் திரும்புவோம். அன்று அவன் தெரிந்திருக்கவேண்டியவை சிலவே. சுமந்தது மிகையானது, எண்ணிக்கை கூடியது, காத்திராமற் பாய்ந்தான். மூன்றும் திருத்தத்தக்கவை. அவற்றுக்கு அப்பால், நல்ல உணவும் ஒழுங்கான பயிற்சியும் அவனுக்கு எத்தனை ஆண்டுகள் கிடைத்தன என்ற வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவுக்கு விடை தரவேண்டியவன் அவனல்லன். அவன் படித்த பாடசாலையும், அப்பாடசாலைக்குரிய வளங்களைப் பங்கிடுவோரும், பிறவியென்று சொல்லி அகன்றுவிடும் பெரியோராகிய நாமுமே அதற்கு விடை கூறவேண்டியவராவோம்.